நீர்க்கட்டி என்றார்கள், ரிப்போர்ட்டில் நீரே இல்லை

மகளுக்கு 16 வயது. ஸ்கூல் பாவாடையில் கொக்கி மாட்ட முடியவில்லை என்றாள். சதை போட்டிருக்கிறாள் என்று நானே கொக்கியைத் தள்ளித் தைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் அடிவயிற்று வலி. எங்கள் ஊரில் பேர் வாங்கிய நர்சிங் ஹோம்தான். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "சினைப்பையில் சாதாரண நீர்க்கட்டிதாம்மா, லேப்ராஸ்கோப்பில், சின்னத் துளை போட்டு எடுத்துடலாம்" என்றார். பேக்கேஜ் 85,000 ரூபாய். நகையை வைத்துக் கட்டினோம்.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து, பயாப்சிக்கு நீங்களே லேபில் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். உள்ளே வெளிறிய சதை, துண்டு துண்டாக. நீர்க்கட்டியில் ஏது இவ்வளவு சதை? அப்போது கேட்கத் தோன்றவில்லை.

டிஸ்ஜெர்மினோமா என்று ரிசல்ட் வந்தது. கருமுட்டையாக வேண்டிய செல்லிலிருந்தே கிளம்பும் புற்றுநோய். இந்த வகைக் கட்டிகள் பெரும்பாலும் சிறு பெண்களுக்கும் இளம்பெண்களுக்கும்தான் வருமாம்.

சென்னையில் பார்த்த புற்றுநோய் டாக்டர் முதலில் கேட்டது பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை. "12 செ.மீ., திடமான கட்டி" என்று முதல் வரியிலேயே இருந்தது. "எல்டிஹெச், ஏஎஃப்பி, பீட்டா ஹெச்சிஜி பார்த்தார்களா?" பார்க்கவில்லை. மூன்றும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள். இந்த வயதில் சினைப்பையில் திடமான கட்டி என்றால் கத்தி வைப்பதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டியவை. கட்டியை உடையாமல் முழுசாக எடுத்து, நோய் அந்த ஒரு சினைப்பையோடு நின்றிருந்தால், கீமோ இல்லாமல் கண்காணிப்போடு விட்டிருக்கலாம் என்றார். உள்ளேயே வெட்டி எடுத்ததால் செல்கள் வயிற்றுக்குள் சிந்தியிருக்கலாம். அதனால் பிஇபி என்ற கீமோ, 21 நாளுக்கு ஒன்றாக மூன்று சுற்று. முடி முழுக்கப் போனது. சரி, முடி வளர்ந்துவிடும். இந்த நோய் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும். இன்னொரு சினைப்பையும் கர்ப்பப்பையும் பத்திரமாக இருக்கின்றன. கீமோ முடிந்து நாலாம் மாதம் மாதவிலக்கு திரும்பியது.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு "நீர்க்கட்டி" என்றால் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீங்களே வாங்கிப் படியுங்கள். திடம் என்ற சொல் இருந்தால் அந்த மூன்று டெஸ்டையும் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும், வேறு டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம், ஆபரேஷன் வீடியோவைச் சென்னை டாக்டர் கேட்டார். நர்சிங் ஹோமில் போய் நின்றேன். பதிவே செய்யவில்லை என்றார்கள். பில்லில் இருக்கிறது: வீடியோ பதிவு, 1,500 ரூபாய்.