மரச்சட்டத்துக்கு முழு மதிப்பெண், தாளுக்குப் பாதிகூட இல்லை

தாவரவியல் துறைகளுக்கு லேப் சாமான் விற்கும் கடைகளில், செடியைத் தட்டையாக அழுத்திக் காயவைக்கும் ‘பிளாண்ட் பிரஸ் செட்’ கிடைக்கும். இங்கே பார்ப்பது இரண்டு மரச்சட்டம், இரண்டு நாடா, ஈரம் உறிஞ்சும் பத்து பிளாட்டிங் பேப்பர் (பிளாட்டர்) கொண்ட சாதாரண செட்.

சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 12க்கு 18 அங்குலம்; காய்ந்த செடியை ஒட்டி வைக்கும் ஹெர்பேரியம் ஷீட் சுமார் 29க்கு 42 சென்டிமீட்டர் என்பதால் இதுதான் சரியான அளவு. ரீப்பர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் காற்று புகும். ஓட்டையே இல்லாத பிளைவுட் பலகையை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரும்புக் கம்பி வலை பிரஸ் தூக்க லேசு, ஆனால் இழுத்துக் கட்டும்போது நடுப்பகுதி வெளியே உப்பி, அங்கே அழுத்தம் குறையும். இலை சுருங்குவதும் அங்கேதான். நாடாவுக்கு உலோக பக்கிள் இருக்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக் கிளிப் வழுக்கும். செடி காயக் காய அடுக்கு தணியும் என்பதால், தினமும் நாடாவை மறுபடி இழுக்க வேண்டியிருக்கும்.

சறுக்கல் தாளில். ஒரு செடிக்கு மேலும் கீழும் ஒரு பிளாட்டர் என்றால் பத்துத் தாள் ஐந்து செடிக்குத்தான் வரும். ஈரம் குடித்த தாளை வெயிலில் போடும்போது மாற்றுவதற்கு இன்னொரு செட் வேண்டும், அதுவும் கிடையாது. பத்துச் செடிக்குக் குறைந்தது 40 தாள் வைத்துக்கொள்ளுங்கள். செடியை நேராக பிளாட்டரில் வைக்காமல், மடித்த நாளிதழ்த் தாளுக்குள் வைத்தால் மாற்றும்போது இதழ் உதிராது.

செட்டில் இல்லாத முக்கியப் பொருள் நெளி அட்டை. பழைய அட்டைப்பெட்டியே போதும், ஆனால் அட்டைக்குள் இருக்கும் நெளிக்குழல்கள் 12 அங்குலப் பக்கமாக ஓடும்படி வெட்டவேண்டும். காற்று கடக்க வேண்டிய தூரம் குறையும். அட்டை, பிளாட்டர், செடி வைத்த நாளிதழ், பிளாட்டர், மறுபடி அட்டை என்று அடுக்கி, பிரஸ்ஸை நீளப்பக்கம் அடியில் வரும்படி, சூடு வரும் இடத்துக்கு மேலே நிறுத்தினால் சூடு குழல் வழியே மேலே ஏறும். 45 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். பச்சை பழுப்பாகி, இலை தொட்டால் நொறுங்கும். மழைக்காலத்தில் சூடே இல்லாமல் விட்டால் பூஞ்சை நிச்சயம்.

முதல் 24 மணி நேரத்தில் செடி நிறைய நீர் விடும். அப்போது இலை வாடித் துவண்டிருக்கும், சொன்னபடி கேட்கும். ஓர் இலையையாவது திருப்பி அடிப்புறம் தெரிய வைப்பது அப்போது செய்யும் முதல் தாள் மாற்றலில்தான். பிறகு நான்கு நாள் தினமும், அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் தாள் மாற்ற வேண்டும். சாதாரணச் செடி ஒரு வாரம் பத்து நாளில் காயும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிகிறதா? இன்னும் ஈரம் இருக்கிறது.

நீளமான கோரையை ‘வி’ அல்லது ‘என்’ வடிவில் மடியுங்கள், வெட்டாதீர்கள். கள்ளி, பிரண்டை போன்ற சதைப்பற்றுச் செடிகள் பிரஸ்ஸுக்குள்ளும் பல நாள் உயிரோடிருந்து கணுக்கணுவாகக் கழன்றுவிடும். கொதிநீரில் சில விநாடி முக்கி, ஒற்றி எடுத்தபின் வையுங்கள். தடித்த தண்டை நீளவாக்கில் பிளக்கலாம்.

பூச்சிக்கென்று மெர்க்குரிக் குளோரைடு தந்தால் வாங்க வேண்டாம், கொடிய விஷம். காய்ந்த செடியை பாலித்தீன் உறையில் காற்றுப்புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் காய்ந்த செடியைத் தின்னும் புகையிலை வண்டு சாகும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும் முன் திறந்தால் செடிமேல் நீர் கோத்துக்கொள்ளும்.

சட்டத்தையும் நாடாவையும் மட்டும் தனியாகத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். மிச்சப் பணத்துக்கு பிளாட்டிங் பேப்பரை மொத்தமாக வாங்கி, கடையிலேயே 12க்கு 18 அளவில் வெட்டித்தரச் சொல்லுங்கள்.