டிரெயில் கேமரா திருட்டு: இரும்புப் பெட்டியா, உயரமா?

டிரெயில் கேமரா என்பது மரத்தில் கட்டிவைத்தால் விலங்கு வரும்போது தானே படமெடுக்கும் கேமரா. அது திருடு போகாமலிருக்க இரண்டு வழி: பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் வைப்பது, அல்லது கைக்கெட்டாத உயரத்தில் கட்டுவது. பெட்டியின் பலம் அது மரத்தில் பிடித்திருக்கும் விதத்தில்தான். வெறும் பட்டையால் கட்டினால் ஒரு கத்தி போதும். 8 மி.மீ. கேபிள் பூட்டும் போல்ட் கட்டருக்குத் தாங்காது. பெட்டிக்குள்ளிருந்து 2 நீளமான திருகுகளை மரத்தில் முடுக்கி, அதன்மேல் கேமராவை வைத்துப் பூட்டுங்கள். திருகுத் தலை வெளியே தெரியாது. மரத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். ஆத்திரத்தில் லென்ஸை உடைப்பவனைப் பெட்டியும் தடுக்காது.

உயரம் என்றால் சுமார் 3 மீட்டர். நடப்பவர் கண் அங்கே போவது அரிது. ஆனால் கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். மட்டமாக வைத்தால் விலங்கின் தலைக்கு மேலே காடுதான் பதிவாகும். செங்குத்தாகச் சாய்த்தாலோ சென்சார் கவனிக்கும் பரப்பு சுருங்கி, பல விலங்குகள் தப்பிவிடும். பாதையிலிருந்து 5, 6 மீட்டர் தள்ளிய மரம் நல்லது. ஏணியை அங்கேயே விட்டுவராதீர்கள், அதுவே காட்டிக்கொடுக்கும்.

இரவில் படமெடுக்கக் கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளியும் அதைக் காட்டிக்கொடுக்கலாம். 850 நானோமீட்டர் அலைநீள ஒளி மங்கலாகச் சிவந்து தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, ஒளி எட்டும் தூரம் மட்டும் குறையும்.

ஆள் நடமாடும் பாதையில் உயரத்தையே தேர்ந்தெடுப்பேன். அடிக்கடி மெமரி கார்டு மாற்ற வேண்டிய இடத்தில் பெட்டி.