முடிச்சு மோதிரமா, கிளாடா மோதிரமா?

கல்யாண மோதிரம் அயர்லாந்து வேலைப்பாட்டில்தான் வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: விரலைச் சுற்றி முழுக்கப் பின்னல் கோடாக முடிச்சு ஓடும் பட்டை மோதிரம், இரண்டு கைகள் கிரீடம் சூடிய இதயத்தை ஏந்தும் கிளாடா மோதிரம், இல்லையென்றால் மோதிரத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கழுத்தில் நடுவில் வளையம் உள்ள ஒரு கெல்டிக் சிலுவை. நாங்கள் கிளாடா வாங்கினோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சிலுவையை நான் அணிந்து பழகியதில்லை, அதனால் சுருக்கமாக. அயர்லாந்தின் மொனாஸ்டர்பாய்ஸில் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் முயிரெடாக் சிலுவை போன்ற கற்சிலுவைகள்தான் இதற்கு மூலம். நடுவில் உள்ள வளையம் சூரியனைக் குறிக்கிறது, புனித பேட்ரிக் அதைச் சிலுவையோடு சேர்த்தார் என்று கடைகளில் சொல்வார்கள். அதற்குப் பழைய ஆதாரம் கிடையாது; கல்லின் கைகள் உடையாமல் தாங்க வளையம் உதவுகிறது என்பது இன்னொரு விளக்கம். நம்பிக்கை உள்ளவர்களுக்கு மிகப் பொருத்தமான நகை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: வட்டத்துக்குள் நான்கு கையும் சமமாக, வேலைப்பாடு இல்லாமல் இருக்கும் எளிய வடிவத்தை ஐரோப்பாவில் நிறவெறிக் கும்பல்கள் அடையாளமாக வைத்திருக்கின்றன. கால் நீண்டு, செதுக்கல் நிறைந்ததாகப் பார்த்து எடுங்கள்.

முடிச்சு அழகில் முதலிடம், சந்தேகமில்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும், கி.பி. 800 வாக்கில் துறவிகள் கையால் எழுதி வரைந்த நற்செய்திச் சுவடியான கெல்ஸ் நூலின் பக்கங்களில் நம் சிக்குக் கோலம் போலவே ஒரு கோடு மேலும் கீழுமாகப் புகுந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஆனால் இந்த முடிச்சுக்கு இன்ன பொருள் என்று வரைந்த துறவிகள் எழுதி வைக்கவில்லை. மூன்று முனை முடிச்சைக் கிறிஸ்தவர்கள் பிதா, சுதன், ஆவி என்கிறார்கள், வேறு சிலர் நிலம், கடல், வானம் என்கிறார்கள். முடிவில்லாக் காதல் என்பதும் பின்னால் வந்த வாசிப்புதான். பொருள் பிடித்திருந்தால் தாராளமாக அணியலாம், பழங்காலச் சான்று இருப்பதாக நினைத்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அளவு மாற்றும் விஷயம். கல்யாண மோதிரம் பல பத்தாண்டு விரலில் கிடக்கப்போவது. கர்ப்ப காலத்தில் விரல் வீங்கும், எடை கூடும் குறையும், வயதானால் மூட்டு தடிக்கும். சாதாரண மோதிரம் என்றால் பட்டறையில் பின்பக்கம் வெட்டி, ஒரு துண்டுத் தங்கம் சேர்த்து, பற்றாசு வைத்து ஊதி, மெருகு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். முழுச்சுற்று முடிச்சில் எங்கே வெட்டினாலும் ஓடும் கோடு அறுந்துபோகும், இழுத்துப் பெரிதாக்கினால் பின்னல் கோணும், அதனால் பல நேரம் புதிதாகவே செய்ய வேண்டிவரும். முடிவே இல்லாத கோடு என்று எதற்காக அதை விரும்புகிறோமோ, அதுவேதான் இங்கே தடை.

கிளாடாவுக்கு அந்தக் கவலை இல்லை, வேலைப்பாடு எல்லாம் முன்பக்கம், பின்பக்கம் வெறும் கம்பி. அயர்லாந்தின் கால்வே நகரை ஒட்டிய மீனவக் குடியிருப்பின் பெயர்தான் அதற்கு. 1700 வாக்கில் அங்கே ரிச்சர்ட் ஜாய்ஸ் என்ற பொற்கொல்லர் செய்தவை இப்போது கிடைக்கும் மிகப் பழையவற்றில் சேரும். கைகள் நட்பு, இதயம் காதல், கிரீடம் விசுவாசம். வலது கையில் இதயத்தின் முனை விரல் நுனியை நோக்கி இருந்தால் தனியாள், உட்புறம், அதாவது மணிக்கட்டை நோக்கித் திரும்பினால் மனதில் ஒருவர் உண்டு, இடது கையில் உட்புறம் திரும்பினால் மணமானவர். இப்படி அணியும் முறையிலேயே சேதி சொல்லும் மோதிரம் எனக்கு வேறு தெரியாது, அதனாலேயே இதன்மேல் தனிப் பிரியம். குறை என்றால் கிரீடத்தின் முனை கம்பளியிலும் தலைமுடியிலும் மாட்டும். கொஞ்சம் தட்டையான வார்ப்பாக எடுத்தால் அது குறையும்.

முடிச்சை விட மனமில்லை என்றால், முன்பாதியில் மட்டும் பின்னல் உள்ளதைக் கேளுங்கள், சில பட்டறைகள் செய்கின்றன. அப்புறம், விரல் அளவைக் குளிரில் எடுக்காதீர்கள், சுருங்கியிருக்கும். பட்டை அகலமாக இருந்தால் அரை அளவு கூட்டியே சொல்லுங்கள்.