ஏஸ்-எஃப்டிஎஸ் டேட்டா: காசு வாங்காம தர்ற தங்கம், ஆனா ஃப்ளாக் பாத்துட்டு எடுங்க

மூணு வருஷமா இந்த டேட்டாவோடதான் குடித்தனம், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவுமேன்னு எழுதுறேன். கனடாவோட சைசாட் சேட்டிலைட்ல இருக்குற இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரோமீட்டர் பேருதான் ஏஸ்-எஃப்டிஎஸ். ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்ல, அதாவது ஓசோன் படலம் இருக்குற மேல் காத்து அடுக்குல, நூறு கோடியில ஒரு பங்கு, அதுக்கும் கீழன்னு கிடக்குற வாயுக்களைக்கூட அளந்து குடுக்கும். 2003 ஆகஸ்ட் 12 அன்னிக்கு மேல போச்சு, ரெண்டு வருஷம் ஓடுனா போதும்னு டிசைன் பண்ணது, இருபது வருஷம் தாண்டியும் ஓடிச்சு. மொத்த சேட்டிலைட்டே சுமார் 150 கிலோதான், ஒரு புல்லட் வண்டிய விட கம்மி!

வேலை செய்ற விதம் ரொம்ப அழகு. பூமிய சுத்தி வரப்போ ஒரு நாளைக்கு 15 சூரிய உதயம் 15 அஸ்தமனம் பாக்கும், அப்ப சூரிய வெளிச்சம் காத்து மண்டலத்துக்குள்ள புகுந்து வர்றதால வழியில இருக்குற ஒவ்வொரு வாயுவும் தனக்குன்னு உள்ள அலைநீளத்துல கொஞ்சத்தை உறிஞ்சிக்கும், அந்த வெட்டு விழுந்த ஸ்பெக்ட்ரத்தை ரெண்டு செகண்டுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டே போகும். 750 லருந்து 4400 வேவ்நம்பர் (ஒரு சென்டிமீட்டருக்குள்ள எத்தனை அலைங்கிற கணக்கு) வரைக்கும், ரெசல்யூஷன் அதே கணக்குல 0.02. இந்த 0.02 தான் விஷயமே. மேல போகப்போக அழுத்தம் கம்மி, அதனால வாயுக்கள் உறிஞ்சுன அந்த வெட்டுக் கோடுங்க எல்லாம் ஊசி மாதிரி ஒல்லியாயிடும், மட்டமான ரெசல்யூஷன்ல பாத்தா பக்கத்து கோட்டோட கலந்து ஒண்ணுமே புரியாது. இன்னொரு ப்ளஸ், காத்து மண்டலத்துக்கு மேல சூரியன நேரா பாத்து எடுத்த ஸ்பெக்ட்ரத்தால வகுத்துடுறாங்க, கருவிக்கு வயசாகி சிக்னல் குறைஞ்சாலும் பெரும்பாலும் அதுலயே அடிபட்டுப் போயிடும். அதனாலதான் 2004 நம்பரையும் 2020 நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வைக்க தைரியம் வருது.

நான் அதிகமா எடுத்தது ஹைட்ரஜன் க்ளோரைடு. பழைய ஃப்ரிட்ஜ், ஸ்ப்ரே கேன்லருந்து போன சிஎஃப்சி (க்ளோரின் உள்ள, ஓசோன அரிக்கிற வாயுக்கள்) எல்லாம் மேல உடைஞ்சு கடைசில பெரும்பாலும் இதுலதான் வந்து நிக்கும். இந்த சிஎஃப்சிய ஒழிக்கத்தான் மான்ட்ரியல் ஒப்பந்தம் 1987ல போட்டது, அதோட பலன் இந்த வாயு மெல்ல இறங்குறதுல தெரியுது, அந்த கோட்டை நானே வரைஞ்சு பாத்தப்போ வந்த சந்தோஷத்த சொல்லத் தெரியல. ஆனா 2020ல தெற்கு பாதில அதுவே சடார்னு விழுந்துச்சு, ஆஸ்திரேலிய காட்டுத்தீ புகை ஸ்ட்ராட்டோஸ்ஃபியருக்குள்ள ஏறி க்ளோரின் கெமிஸ்ட்ரியையே மாத்திடுச்சு, ஓசோனும் குறைஞ்சுது. புகைத் துகளோட இன்ஃப்ராரெட் கையெழுத்தும் இதே ஸ்பெக்ட்ரத்துல விழுந்திருந்துச்சு.

நம்ம பக்கத்து விஷயமும் இருக்கு. ஹைட்ரஜன் சயனைடு, விறகு, வயக்காடு, காடு எரியிறதுலருந்து வர்றது, கடல் தண்ணி அத உறிஞ்சிடும். அதனால கடல் மேலருந்து ஏறுற காத்துல கம்மி, ஆசிய பருவமழை தூக்கிட்டு போற காத்துல ஜாஸ்தி. இந்த டேட்டாவ வச்சே பருவமழை அழுக்குக் காத்த ஸ்ட்ராட்டோஸ்ஃபியருக்கு ஏத்துறத 2010ல காட்டிட்டாங்க.

இப்ப குறை. கவரேஜ் கம்மி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 30 ப்ரொஃபைல் (ஒரு இடத்துக்கு மேல உயரம் வாரியா எடுத்த அளவு), அதுலயும் நிறைய துருவம் பக்கம்தான் விழும், ட்ராபிக்ஸ், அதாவது பூமத்திய ரேகைய ஒட்டின பகுதி, பிப்ரவரி, ஏப்ரல், ஆகஸ்ட், அக்டோபர்னு வருஷத்துல நாலு மாசத்துலதான் முக்கியமா கிடைக்கும். ஜூலைல சென்னை மேல என்ன இருந்துச்சுன்னு பாக்கணும்னா இது சரிப்பட்டு வராது. ஐரோப்பாவோட என்விசாட் சேட்டிலைட்ல இருந்த மிப்பாஸ்ங்கிற கருவி, வாயுக்கள் தானா விடுற வெப்பக் கதிர அளந்துச்சு, அதனால ராத்திரியும் வேலை பாக்கும், ஒரு நாளைக்கு ஆயிரம் ப்ரொஃபைல் கிட்ட தரும், ஆனா 2012 ஏப்ரல்ல என்விசாட் சேட்டிலைட்டோட தொடர்பே போயிடுச்சு, அதோட அது முடிஞ்சுது.

ரெஜிஸ்டர் பண்ணா ஃபைல் ஃப்ரீயா கிடைக்கும். எரர் (பிழை அளவு) இருக்குற நெடுவரிசைல -999 இருந்தா டேட்டா இல்லன்னு அர்த்தம், அது எல்லாருக்கும் புரியும். -888 தான் ஆபத்து, அங்க மதிப்பு பாக்க நல்லாத்தான் இருக்கும் ஆனா அது அளந்தது இல்ல, ஏற்கனவே வச்சிருந்த ஒரு ப்ரொஃபைல நீட்டி ஒட்டினது. நான் இத கவனிக்காம மீத்தேனுக்கு உச்சி வரைக்கும் வழுவழுன்னு கோடு போட்டுட்டேன், ஒரு வாரம் வேலை போச்சு. க்வாலிட்டி ஃப்ளாக், அதாவது அளவு நம்பலாமா வேணாமான்னு சொல்ற எண், தனி ஃபைலா இருந்தாலும் சோம்பல் படாம எடுத்து, பூஜ்யம் உள்ளத மட்டும் வச்சுக்கோங்க. அப்புறம் வெர்ஷன கலக்காதீங்க, வெர்ஷன் மாறினா எந்த வாயு எங்க உறிஞ்சும்னு சொல்ற கோட்டுப் பட்டியல், கணக்கு போடுற முறை எல்லாம் மாறும், பாதி நாலு பாதி அஞ்சுன்னு சேத்தா நடுவுல வர்ற படிக்கட்ட பாத்து புதுசா கண்டுபிடிச்சிட்டோம்னு நினைச்சிடுவோம்.

5க்கு 4.5 குடுப்பேன், அந்த அரை ட்ராபிக்ஸுக்காக. முதல் தடவ எடுக்குறவங்க நைட்ரஸ் ஆக்சைடுலருந்து ஆரம்பிங்க, சிக்னல் நல்லா இருக்கும், 20 லருந்து 40 கிலோமீட்டருக்குள்ள எப்படி குறையுதுன்னு ஒரே ப்ளாட்ல தெரிஞ்சிடும்.