குடும்ப மருத்துவருக்கான இண்டெம்னிட்டி பாலிசி: கூடிய பிரீமியம், கூடாத காப்பு

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கிளினிக் நடத்தும் பொது மருத்துவன் நான். பல ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் புதுப்பித்துவரும் தொழில்முறை இண்டெம்னிட்டி பாலிசிக்கு (சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் இழப்பீட்டை ஏற்கும் காப்பீடு), இதுவரை ஒரு கிளைம்கூட இல்லாத நிலையிலும், இம்முறை பிரீமியம் கணிசமாக ஏறியிருக்கிறது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. நோயாளியிடம் நாம் வரி வாங்குவதில்லை என்பதால், கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

“எல்லா கம்பெனியிலும் ஏறியிருக்கு டாக்டர்” என்பதோடு ஏஜெண்ட் முடித்துக்கொண்டார். நிறுவனங்களின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2013இல், தவறான சிகிச்சையால் மனைவியை இழந்த குணால் சாஹாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீடு வட்டியில்லாமலே 5 கோடியைத் தாண்டியது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டமோ, மாவட்டம், மாநிலம், தேசியம் என எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதைக் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்லாமல், செலுத்திய கட்டணத்தை வைத்தே தீர்மானிக்கிறது. ஆகவே 200 ரூபாய் கட்டணம் கொடுத்தவர், தம் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே, மனுக்கட்டணம் ஏதுமின்றிக் கோடி ரூபாய் கேட்கலாம்.

விலையைவிட என்னை உறுத்துவது பாலிசித் தாளில் உள்ள ஒரு சிறு விகிதம். காப்புத்தொகை 20 லட்சம் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. கீழே 1:4 என்றும் இருக்கிறது. அதாவது 20 லட்சம் என்பது ஆண்டு முழுவதற்குமான வரம்பு, ஒரு வழக்குக்குக் கிடைப்பது 5 லட்சமே, வக்கீல் கட்டணமும் அதற்குள் அடக்கம். கிளினிக் அளவில் ஓர் ஆண்டில் நான்கு வழக்குகள் வருமென்று கணக்குப் போட்டவர் யாரோ தெரியவில்லை.

மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு நிறுவனத்துக்கு மாறுவதிலும் சிக்கல் உண்டு. இத்தகைய பாலிசிகள் வழக்கு வரும் நாளில் பாலிசி உயிரோடிருந்தால் மட்டுமே பணம் தருபவை. பழைய ரெட்ரோஆக்டிவ் தேதியை (எந்த நாள் முதல் அளித்த சிகிச்சைக்குக் காப்பு என்பதைக் குறிக்கும் தேதி) புதிய நிறுவனம் எழுத்தில் ஏற்காவிட்டால், மாறுவதற்கு முன் பார்த்த நோயாளிகள் அனைவரும் காப்புக்கு வெளியே போய்விடுவார்கள்.

சேவையில் குறை சொல்ல முடியாது. சந்தேகங்களுக்கு இரண்டொரு நாளில் எழுத்து மூலம் பதில் வருகிறது. ஒரே வழக்குக்கும் முழுத் தொகை கிடைக்கும்படி விகிதத்தை 1:1 ஆக மாற்றித் தரக் கேட்டிருக்கிறேன். பிரீமியம் இன்னும் ஏறும், கட்டத்தான் போகிறேன். ஆனால் கிளினிக்கை மூடிய பிறகும் 2 ஆண்டுகள் வரை புகார் வரலாம் என்றிருக்க, ஓய்வு பெறும் மருத்துவருக்குக் குறைந்த கட்டணத்தில் அந்தக் காலத்துக்கு மட்டுமான காப்பு இந்நிறுவனத்திடம் இல்லை.