நல்ல கொழுப்பு குறைவா? நடையா, நியாசின் (வைட்டமின் பி3) மாத்திரையா?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் நல்ல கொழுப்பான எச்.டி.எல். 34 என்று வந்தால் (ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழே போனால் குறைவு) இந்தக் குழப்பம் வந்துவிடும்.

செலவு: நடைக்கு ஒரு ஜோடி ஷூ. மாத்திரைக்கு மாதாமாதம் காசு.

எண்: எச்.டி.எல்.லை நியாசின் நன்றாகவே ஏற்றும். நடை மெதுவாக, கொஞ்சம்தான்.

இதயம்: இங்கேதான் சங்கதி. ஸ்டேட்டினோடு (கொழுப்பைக் குறைக்கும் மருந்து) நியாசின் சேர்த்துக் கொடுத்த எய்ம்-ஹை (2011), எச்.பி.எஸ்.2-த்ரைவ் (2014) ஆய்வுகளில் எண் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. மிளகாய் தேய்த்தாற்போல முகம் சிவந்து எரிவதும் சர்க்கரை ஏறுவதும் உபரி. நடையோ ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு), ரத்த அழுத்தம், தொப்பை எல்லாவற்றையும் தொடும்.

சிரமம்: மாத்திரை சுலபம், மழைநாளிலும் விழுங்கலாம்.

ரிப்போர்ட்டை மட்டும் அழகாக்க நியாசின். பெரும்பாலோருக்கு நடை, அப்புறம் பீடி சிகரெட்டை விடுவது. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லும் கூடியிருந்தால் ஸ்டேட்டின் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.