நிலாவைக் காட்டி விற்ற லென்ஸ்: திருமலையில் போன் சாமான் வாங்குபவர்கள் கவனிக்கவும்

8,500 ரூபாய் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கினேன். வெசாக் பௌர்ணமிக்கு முதல் கிழமை, திருகோணமலைப் பட்டணத்துக்குள் இருக்கும் ஒரு போன் உதிரிக் கடையில். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே சாமான் இன்னும் இரண்டு மூன்று கடைகளில் தொங்குவதைப் பிறகு பார்த்தேன்.

பௌர்ணமியன்று பின்னேரம் டச்சுபே கடற்கரையில் இருந்தவர்களுக்குத் தெரியும், கடலுக்குள்ளிருந்து செம்மஞ்சள் நிறத்தில் நிலா எழும்பி வரும் அழகு. ஆனால் போனில் எடுத்தால் ஒரு வெள்ளைப் பொட்டுத்தான் விழும். காரணம் சின்னக் கணக்குத்தான். வானத்தில் நிலாவின் அகலம் அரைப் பாகை. சாதாரண போனின் பிரதான கமரா 70 பாகை அளவுக்கு அகலமாகப் பார்க்கிறது. 4,000 பிக்சல் அகலமான படத்தில் நிலாவுக்குக் கிடைப்பது சுமார் 25 பிக்சல். அதற்குள் பள்ளமும் மேடும் எங்கே தெரியப் போகிறது? இந்தக் கணக்கு எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று மகள் நிலாப் படம் கேட்டாள், நான் கடைக்குப் போனேன், அவ்வளவுதான்.

கடைக் கண்ணாடியில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். கீழே கடல், மேலே முழு நிலா, அதன் பள்ளங்கள் எல்லாம் துல்லியம். "போன போயாவுக்கு டச்சுபேயில, நிலா எழும்பேக்க, இந்த லென்ஸாலதான் எடுத்தது அண்ணை. 36 மடங்கு இழுக்கும்" என்றார் கடைக்காரத் தம்பி. போனில் கவ்விக்கொள்ளும் நீளமான குழாய் லென்ஸ், கூடவே விரல் நீளத்தில் ஒரு முக்காலி. என் போனில் போட்டுக் காட்டச் சொன்னேன். எதிர்க் கடையின் பெயர்ப் பலகையைக் காட்டினார். எழுத்து பெரிதாகத் தெரிந்தது. அதோடு நான் விழுந்தேன். பில் துண்டில் 'போன் அக்சசரீஸ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். லென்ஸ் என்றோ 36 மடங்கு என்றோ ஒரு சொல் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெசாக் அன்று கடற்கரையில் நல்ல சனம். லென்ஸைப் பூட்டினேன். திரையைச் சுற்றிக் கறுப்பு, நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையுமாகக் கரைந்த ஒரு நிலா. குவியத்தைத் திருப்ப வளையத்தைத் தொட்டாலே முக்காலி ஆடியது. நிலாவைப் பெரிதாக்கத் திரையை விரித்தேன். போன் தானாகவே பக்கத்துக் கமராவுக்கு மாறிக்கொண்டது. லென்ஸோ ஒரு கமராவைத்தான் மூடும். இரண்டு மூன்று கமரா உள்ள போன் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைக் கடையில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மணலில் வைத்திருந்த பெட்டியைக் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று வந்து மணந்து பார்த்துவிட்டு, வேண்டாமென்று போய்விட்டது. அதற்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து சுவர்க் கலண்டரை லென்ஸோடும் லென்ஸ் இல்லாமலும் ஒரே இடத்திலிருந்து எடுத்து அளந்தேன். பத்து மடங்குகூட வரவில்லை.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு ஐயாவிடம் கதைத்தேன். அவரிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் 10x50 இருகண் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. நிலா முதல் நாளைவிட ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தித்தான் எழும்பும் என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்குக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதில் பார்த்தபோது நிலாவின் வலது பக்கத்தில் ஒரு பள்ளம், அதிலிருந்து வெள்ளைக் கோடுகள் கதிர்போல நாலாபக்கமும் ஓடின. "அதுதான் டைக்கோ. நிலாவின் தெற்குப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால், நிலா எழும்பும்போது பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வரும். தெற்கு எங்களுக்கு வலப்பக்கம்" என்றார். திருமலை வடக்கே 8.5 பாகையில்தானே இருக்கிறது.

அப்போதுதான் கடைக் கண்ணாடி நினைவுக்கு வந்தது.

மறுநாள் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது முதலில் அந்தப் படத்தைத்தான் பார்த்தேன். டைக்கோ நேரே கீழே! ஐரோப்பாப் பக்கம் உச்சியில் நிற்கும் நிலாவை யாரோ எடுத்த படம், எங்கள் கடலுக்கு மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. படத்தைச் சரித்துப் பார்க்கலாமே என்று சொல்லவும் முடியாது, கடல் மட்டமாக இருக்கிறதே. தம்பியிடம் காட்டினேன். "கம்பனி அனுப்பின போஸ்டர் அண்ணை" என்றார். போன கிழமை டச்சுபேயில் எடுத்தது என்று சொன்னவரும் அவர்தான்.

காசு திரும்பவில்லை. பதிலுக்கு, "உங்கட போன்ர பிழை, இதை எடுங்கோ" என்று, 100 மடங்கு என்று சொல்லிப் பாவித்த போன் ஒன்றை 185,000 ரூபாய்க்கு நீட்டினார். இதற்கு நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். 2019இல் ஹுவாவே பி30 புரோ போனின் நிலாப் படங்களில் மென்பொருள் விவரம் சேர்க்கிறதா என்று சர்ச்சை எழுந்தது. 2023 மார்ச்சில் ஒருவர் நிலாப் படத்தை 170x170 பிக்சலுக்குச் சுருக்கி, மங்கலாக்கி, கணினித் திரையில் போட்டு, இருட்டறையில் சாம்சங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரத்தைக் கூட்ட செயற்கை நுண்ணறிவு பயன்படுகிறது என்று சாம்சங்கும் விளக்கம் கொடுத்தது. நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் எங்களுக்குக் காட்டுகிறது, அதனால் மென்பொருளுக்கு அது மனப்பாடம். நானும் அதேபோல ஒரு மங்கல் நிலாவைச் செய்து கொண்டுபோய், கடையின் பின்னறையில் லைட்டை அணைத்து, அவருடைய கணினியில் போட்டு எடுக்கச் சொன்னேன். பள்ளங்கள் வந்தன. அவரே கொஞ்சம் திகைத்துப் போனார். இப்படியான போன்களில் 3 மடங்கு, 5 மடங்கு, சிலதில் 10 மடங்கு வரை உண்மையான லென்ஸ் இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மேல் வருவதை ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். நிலாவுக்காக மட்டும் 185,000 கொடுக்காதீர்கள்.

லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமென்றால், காசை எடுக்குமுன் கடைக்கு வெளியே வந்து உங்கள் போனில் தூரத்துத் தென்னை மர உச்சியை எடுத்து, படத்தின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சொன்ன மடங்கைத் துண்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடலாம். ஏமாந்த பிறகு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. எழுதாத துண்டை வைத்துக்கொண்டு நான் இன்னும் எடுக்கவில்லை, அது என் சோம்பல்.

மகளுக்கு ஒரு படம் கிடைத்துவிட்டது. ஐயாவின் தொலைநோக்கியை மதிலில் சாய்த்து, அதன் கண்பகுதியில் என் பழைய போனின் கமராவை ஒட்டிப் பிடித்து எடுத்தது. எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ மோடில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 50, ஷட்டர் 1/250 விநாடி, இரண்டு விநாடி டைமர். நிலா வெயிலில் கிடக்கும் பாறை. இரவுக் காட்சி என்று போனை விட்டால் அது வெளிச்சத்தைக் கூட்டி வெள்ளைத் தட்டாக்கிவிடும். பௌர்ணமியைக் காத்திருக்கவும் இல்லை. வளர்பிறை அட்டமியன்று நிழல் விழும் கோட்டருகே பள்ளங்கள் எடுப்பாகத் தெரிந்தன. படம் ஒரு பக்கம் கொஞ்சம் மங்கல்தான்.

முந்தாநாள் அந்தக் கடைப் பக்கம் போனேன். போஸ்டர் இன்னும் அங்கேதான், டைக்கோவும் கீழேதான்.